விளம்பரப் படத்தில் என் தோல் எங்கே?

சரும மருத்துவம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் முகத் தழும்புகளுக்கான சிகிச்சைகளைப் பற்றி எழுதியபோது, விளம்பரங்களில் வரும் 'முன்–பின்' படங்களை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைவிட அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே குறையை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன: படத்தில் இருப்பவரின் நிறம் எங்கள் நிறமாக இல்லையே, அந்தச் சிகிச்சை எங்களுக்கும் பலிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், லேசர் மூலம் முடி அகற்றும் சிகிச்சைக்கான விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். அதில் வரும் நான்கு பெண்களும் மிகவும் வெளிர்நிறம். கீழே சிறிய எழுத்தில் 'எல்லா நிறச் சருமத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். நான் நல்ல கறுப்பு. அந்த வரியை நம்பிப் போகலாமா?
— வாசகி ஒருவர்

பதில்: அந்த வரியை நம்பியும் போக வேண்டாம், அந்தப் படங்களைப் பார்த்துப் பயந்து விலகவும் வேண்டாம். எந்த லேசர் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முடி அகற்றும் லேசர் உண்மையில் தேடிப் போவது முடியை அல்ல, மெலனின் என்ற நிறமியை. முடியின் வேர்ப்பகுதியில் இருக்கும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் முடியை வளர்க்கும் பகுதி சிதைகிறது. வெளிர்ந்த தோலில் கருமுடி இருந்தால் ஒளிக்கு இலக்கு ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கோ முடியிலும் மெலனின் இருக்கிறது, அதற்கு மேலே போர்வைபோல் விரிந்திருக்கும் மேல்தோலிலும் இருக்கிறது. வேருக்குப் போக வேண்டிய ஒளியில் ஒரு பங்கை மேல்தோல் வழியிலேயே பிடித்துக்கொண்டு சூடேறினால், முதலில் கொப்புளமும் தீப்புண்ணும் வரும். அவை ஆறிய இடத்தில் கருந்திட்டோ வெண்திட்டோ தங்கி மாதக்கணக்கில் மறையாமல் இருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒளியின் அலைநீளம் கூடக்கூட மெலனின் அதை உறிஞ்சுவது குறைகிறது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்நிறத்தவருக்கு நன்றாகப் பலன் தரும். 800 முதல் 810 நானோமீட்டர் வரையிலான டயோடு லேசர் இடைநிலையில் நிற்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மேல்தோலை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழத்துக்குப் போவதால், கருஞ்சருமத்துக்கு மருத்துவர்கள் முதலில் நினைப்பது அதைத்தான். அதோடு ஒளித்துடிப்பின் நேரத்தை நீட்டுவதும், தோலைக் குளிர்வித்துக்கொண்டே ஒளியைச் செலுத்துவதும் சேர்ந்தால் ஆபத்து நன்றாகக் குறையும். இதில் ஒரு குறையும் உண்டு: மெல்லிய முடியில் என்டி-யாக் அவ்வளவாக வேலை செய்யாது, வலியும் சற்றுக் கூடுதல்.

ஆகவே நேரில் போய், எந்தக் கருவி, எந்த அலைநீளம், என் நிறமுள்ளவர்களுக்கு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் சிலரது படங்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வெளியே தெரியாத ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வருவதாக இருந்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். நிறமாற்றம் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் உங்கள் தோலை ஒப்படைக்கத் தேவையில்லை.

வீட்டிலேயே பயன்படுத்தும், ஒளித்துடிப்பால் முடி அகற்றும் ஐ.பி.எல். கருவிகளைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு மிகக் கருமையான தோலில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை உண்டு. சில கருவிகள் தோலின் நிறத்தை உணர்ந்து ஒளியை வெளியிடாமலே நின்றுவிடும். எந்தெந்த நிறத்துக்கு ஏற்றது என்ற அட்டவணை பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது. வாங்கும் முன் கண்ணில் பட வேண்டிய அந்த அட்டவணை, வாங்கிய பிறகே கைக்கு வருகிறது என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: விளம்பரம் என்பதே கற்பனை. அதில் நடிப்பவர் கறுப்பா, வெளுப்பா என்பதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? கார் விளம்பரத்தில் வருபவரின் நிறத்தைப் பார்த்தா நாம் கார் வாங்குகிறோம்?
— கல்லூரி மாணவர்

பதில்: கார் விளம்பரத்தில் ஓட்டுபவரின் நிறம் எதுவாக இருந்தாலும் காரின் இயந்திரம் ஒன்றுதான். தோல் சிகிச்சையின் விளம்பரத்தில் அந்த நிறமே செய்தியின் ஒரு பகுதி என்பதால் உங்கள் ஒப்புமை இங்கே பொருந்தவில்லை. தமிழில் 'சிவப்பு' என்ற சொல் இரட்டை வேலை பார்க்கிறது. இரத்தத்தின் நிறத்துக்கும் அதுதான் பெயர். வெளிர்ந்த மேனியுடையவரையும் 'நல்ல சிவப்பு' என்கிறோம். இந்தக் குழப்பம் மருத்துவத்துக்குள்ளும் உண்டு என்று சொன்னால் வியப்படைவீர்கள். அழற்சி கண்ட தோல் 'சிவந்து தடிக்கும்' என்று பாடநூல்கள் காலங்காலமாக எழுதி வந்திருக்கின்றன. வெளிர்ந்த தோலில் அது உண்மை. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி ஊதா, சாம்பல், அடர்பழுப்பு என்று வேறு வண்ணங்களில் தெரியும். சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தொட்டால் மட்டும் சூடும் தடிப்புமாக உணரப்படும். கரப்பான் என்று நாம் சொல்லும் எக்சிமா, கருஞ்சருமத்தில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு சிறு பொரிகளாகத் தோன்றுவதுண்டு. தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் சோரியாசிஸ் நோயின் கடுமையைக் கணக்கிடும்போது செம்மைக்கும் மதிப்பெண் போடுகிறோம். செம்மை தெரியாத தோலில் அந்த மதிப்பெண் குறைந்து, நோயும் உள்ளதைவிட இலேசானது என்று பதிவாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இப்போது விளம்பரத்துக்கு வருவோம். ஒருவர் தம் உடம்பில் கண்ட மாற்றத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்று முதன்முதலாக அறிந்துகொள்வது பல நேரங்களில் விளம்பரத்தில்தான். மருத்துவச் சீட்டுக்குத் தரும் மருந்துகளைப் பொதுமக்களிடம் நேரடியாக விளம்பரப்படுத்த அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டுமே இடங்கொடுக்கின்றன என்றாலும், கிரீம், சோப்பு, லேசர், பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை) ஆகியவற்றின் விளம்பரம் இல்லாத நாடு இல்லை. அந்தப் படங்களில் சோரியாசிஸ் எப்போதும் வெளிர்ந்த முழங்கையில் சிவந்த படலமாகவே வருமானால், தன் முழங்கையில் ஊதாநிறப் படலம் கண்டவர் 'இது அது இல்லை' என்று கடந்துபோய்விடுவார்.

இந்தக் குறை விளம்பரத்தில் தொடங்கியதும் அல்ல. விளம்பரக்காரர்கள் எங்கள் பாடநூல்களைப் பார்த்துத்தான் படம் எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கருஞ்சருமத்தில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று வகுப்பில் யாரும் காட்டாததைக் கண்டு, தம் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து 2020-இல் ஒரு படக் கையேட்டை வெளியிட்டார். ஒரு மாணவர் எழுந்து கேட்கும்வரை எங்கள் துறை காத்திருந்தது என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் எச்சரிக்கைப் படங்களில் பெரும்பாலும் வெளிர்ந்த முதுகில் ஒரு கரிய மச்சத்தைக் காட்டுவார்கள். கருஞ்சருமத்தவருக்கு அந்தப் புற்று அரிதாகவே வருகிறது. வரும்போது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வருவது அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தின் அடியில் கண்டறியப்பட்டது அதுதான். 1981-இல், தமது 36-ஆம் வயதில் அவர் இறந்தார். முதுகைக் காட்டும் படம் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வதில்லை.

கேள்வி: விளம்பர நிறுவனம் ஒன்றில் படக்கலைஞராக இருக்கிறேன். தோல் மருத்துவமனைகளுக்கான விளம்பரங்களும் எங்களிடம் வருகின்றன. 'பல நிறத்தவரும் இருக்க வேண்டும்' என்று இப்போது வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். நாங்களும் ஒரு குழுப்படத்தில் கருநிறத்தவர் ஒருவரைச் சேர்த்துவிடுகிறோம். பிறகு அவர்களே 'கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள்' என்கிறார்கள். எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் நேர்மைக்கு நன்றி. நீங்கள் கேட்டதற்கு மூன்று தனித்தனி விடைகள் இருக்கின்றன. சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, யாரை எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பது. கருநிறத்தவரை நீங்கள் எந்தச் சிகிச்சையின் விளம்பரத்தில் காட்டுகிறீர்கள் என்று ஓராண்டுப் படங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். கருந்திட்டு, மங்கு, 'சீரற்ற நிறம்' ஆகியவற்றில் மட்டும் அவர்கள் வந்து, முகச்சுருக்கம், முடி உதிர்தல், பரு, முகம் நீடித்துச் சிவந்திருக்கும் ரோசேசியா ஆகியவற்றில் வராமல் இருந்தால், அவர்களுடைய நிறமே அவர்களுடைய நோய் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறீர்கள். ரோசேசியா கருஞ்சருமத்திலும் வருகிறது. செம்மை தெரியாததால் மருத்துவர்களே அதைத் தவறவிடுகிறார்கள். குழுப்படத்தில் ஓரமாக நின்று சிரிக்கும் ஒருவரால் இதில் எதுவும் மாறாது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வரிசை தவறிவிடலாம் என்பதற்கு 2017-இல் டவ் நிறுவனம் முகநூலில் வெளியிட்ட சிறு விளம்பரம் ஓர் எடுத்துக்காட்டு. மூன்று நிறங்களில் மூன்று பெண்கள் அதில் இருந்தார்கள். ஆனால் கருநிறப் பெண் மேலாடையைக் கழற்றியதும் அவர் இருந்த இடத்தில் வெள்ளைநிறப் பெண் தோன்றுவதாகக் காட்சி அமைந்ததால், எதிர்ப்பு எழுந்து நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. உங்கள் 'முன்–பின்' படங்களிலும் இதே கண்ணோடு பாருங்கள்: 'முன்' எப்போதும் கறுப்பாகவும் வாட்டமாகவும், 'பின்' எப்போதும் வெளிச்சமாகவும் புன்னகையோடும் இருக்கிறதா? தோல் நிறம் தொடர்பான விளம்பரங்களில் கருநிறத்தவரை அழகற்றவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டக் கூடாது, பொருளின் பலனை மிகைப்படுத்தப் படத்தொகுப்பு உத்திகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இலேயே வழிகாட்டுநெறி வகுத்திருக்கிறது.

இரண்டாவது, கேமராவும் விளக்கும். இது உங்கள் துறை. நான் அதிகம் பேசக் கூடாது. ஆனாலும் ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். வண்ணப்பட ஃபிலிம் காலத்தில், நிறங்கள் சரியாகப் பதிகின்றனவா என்று ஆய்வுக்கூடங்கள் ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஓர் அட்டை தரும். அதில் இருந்தவர் வெளிர்நிறப் பெண். முதலில் அதில் தோன்றிய பெண்ணின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டதால், கருநிற முகங்கள் படத்தில் விவரமற்ற நிழலாகிப்போயின. பழுப்புநிற வேறுபாடுகள் ஃபிலிமில் சரியாக வரவில்லை என்று முறையிட்டு அந்நிறுவனத்தை அசைத்தவர்கள், மரச்சாமான்களையும் சாக்லேட்டையும் விளம்பரப்படுத்தியவர்கள் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. மனிதர்களின் முறையீட்டைவிட நாற்காலியின் முறையீடு விரைவில் காதில் விழுந்திருக்கிறது. 1990-களில்தான் பல நிறத்தவரும் உள்ள அட்டை வந்தது. இன்று உங்களிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா. ஆயினும் வெளிர்ந்த முகத்துக்கு வைத்த விளக்கை மாற்றாமல் கருமுகத்தை நிற்க வைத்துவிட்டு, படம் இருண்டுவிட்டது என்று பிறகு வெளுக்க வைத்தால் அதே பிழைதான் தொடர்கிறது. கருஞ்சருமத்தில் பளபளப்பு அதிகம் எதிரொளிப்பதால், நேரடி ஃபிளாஷைத் தவிர்த்துப் பரவலான ஒளியைப் பக்கவாட்டில் கொடுப்பது எங்கள் மருத்துவப் படங்களுக்கு உதவியிருக்கிறது. அடையாள வண்ண அட்டை ஒன்றையும் ஓரமாக வைத்து எடுங்கள்.

மூன்றாவது, 'கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள்' என்ற வேண்டுகோள். சிகிச்சையின் பலனைக் காட்டும் படத்தில் அதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. பருத்தழும்பு மங்கியிருக்கிறதா என்று பார்க்க வரும் கண்ணுக்கு, படம் முழுவதையும் வெளுப்பாக்கிக் காட்டினால் தழும்பும் தானாகவே மங்கித் தெரியும். அது பொய்யான சான்று. பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அழகுப்பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டர்களை விளம்பரப் பதிவுகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2021-இல் அறிவித்தது. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவமோ அளவோ தோலோ மாற்றப்பட்ட விளம்பரப் படத்தில் அதற்கான அடையாளக் குறி இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வாடிக்கையாளரிடம் தர்மம் பேசிப் பலனில்லை என்றால், இந்த விதிகளைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: 'ஃபிட்ஸ்பாட்ரிக் 4 முதல் 6 வரை பாதுகாப்பானது' என்று ஒரு பீல் விளம்பரத்தில் போட்டிருந்தது. இந்த எண் என்ன? நான் எந்த எண் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி ஒருவர்

பதில்: தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் வகுத்த அளவுகோல் அது. சோரியாசிஸுக்கு மருந்தும் புற ஊதா ஒளியும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையில், தோல் வெந்துபோகாமல் எவ்வளவு ஒளி கொடுக்கலாம் என்று கணிப்பதற்காகப் பிறந்தது. வெயிலில் நின்றால் உங்கள் தோல் வெந்து எரியுமா, கறுக்குமா என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. நிறத்தைப் பட்டியலிடுவது அதன் நோக்கமே அல்ல. முதலில் அதில் இருந்தவை வெள்ளைநிறத் தோலுக்கான நான்கு வகைகள் மட்டும். பழுப்புக்கும் கறுப்புக்கும் 5, 6 என்ற இரண்டு எண்கள் பின்னர் சேர்ந்தன. உலக மக்களில் பெரும்பகுதியினரைக் கடைசி மூன்று எண்களுக்குள் அடைத்தது பிற்காலத்தின் பழக்கம். (சிவப்பழகு கிரீம்களில் மிகவும் பெயர்பெற்ற ஒன்று கடைக்கு வந்ததும் அதே 1975-இல்தான் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.) நிறத்தையே அளவிட வேண்டும் என்றால், சமூகவியல் பேராசிரியர் எல்லிஸ் மங்க் உருவாக்கி, கூகுள் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பத்து நிற அளவுகோல் இன்னும் நுட்பமானது.

விளம்பரத்தில் இருந்த எண்ணைப் பொறுத்தவரை, 4 முதல் 6 வரை என்பது இலேசான மாநிறம் முதல் அடர்கறுப்பு வரை என்று பொருள். இவ்வளவு அகன்ற வரம்பில் எந்தப் பீலும் ஒரே அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க முடியாது. சாலிசிலிக், கிளைகாலிக் அமிலங்களைக் குறைந்த செறிவில் பயன்படுத்தும் மேலோட்டமான பீல், தக்க முன்னேற்பாட்டுடன் கருஞ்சருமத்திலும் செய்யத் தக்கதே. ஆழமான பீல் என்றால் ஒதுங்கிவிடுங்கள். உங்கள் எண்ணை நீங்களே தீர்மானிக்க வேண்டாம்; மருத்துவரிடம், முன்பு பட்ட காயங்கள் ஆறிய இடத்தில் கறுத்துப் போனதா, தடித்து வளர்ந்ததா என்று சொல்லுங்கள். அந்தத் தகவல் எண்ணைவிடப் பயனுள்ளது.

கேள்வி: என் மகளுக்கு வயது பதினாறு. பரு ஆறிய இடமெல்லாம் கறுப்பாக நிற்கிறது. கிரீம் விளம்பரம் ஒன்றில், கரும்புள்ளி மறையும்போது அந்தப் பெண்ணின் முகம் முழுவதுமே இரண்டு நிறம் வெளுத்துப் போகிறது. அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வாங்கித் தரலாமா?
— தாய் ஒருவர்

பதில்: வாங்கித் தராதீர்கள் அம்மா. மகளிடம் கோபப்படவும் வேண்டாம். அவளை ஏமாற்றியது அந்த விளம்பரம். புள்ளி மறைவது ஒன்று, நிறம் வெளுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே காட்சியில் கலந்து, ஒன்று வேண்டுமென்றால் மற்றதும் வேண்டும் என்று எண்ண வைக்கிறார்கள்.

கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் தோலில் நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் நிறமித் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. பரு கிளப்பும் அழற்சியில் அந்தச் செல்கள் தூண்டப்பட்டுக் கூடுதலாக நிறமியைக் கொட்டுவதே கருந்தடம். மேல்தோலில் இருந்தால் சில மாதங்களில் மங்கும். கீழ்த்தோலுக்கு இறங்கிவிட்டால் சாம்பல் நீலமாகத் தெரிந்து வெகுகாலம் நிற்கும். சிகிச்சையின் இலக்கு அந்தத் தடம் மகளின் சொந்த நிறத்துக்குத் திரும்புவது. அதைவிட வெளுத்தால் சிகிச்சை தவறிவிட்டது என்று பொருள்.

முதல் வேலை புதிய பருக்களை அடக்குவது. அசெலெயிக் அமிலம், அடாப்பலீன் போன்றவை பருவையும் தடத்தையும் சேர்த்துக் கவனிக்கும். எது பொருந்தும் என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாநிறத்தவருக்கும் கறுப்பானவருக்கும் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தடத்தைக் கறுக்கச் செய்கிறது. அதைத் தடுப்பதில் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய சன்ஸ்க்ரீன் நல்லது. இதையும் ஒரு குறையாகச் சொல்லியாக வேண்டும்: நிறமூட்டிய சன்ஸ்க்ரீனால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் கருநிறத்தவர், கடையில் இருக்கும் நிறங்களோ பெரும்பாலும் வெளிர்ந்த முகத்துக்கானவை.

பெயர் தெரியாத வெளுக்கும் கிரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம். தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் பெருகும். நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்லாமல் நெடுநாள் பூசினால், எதைப் போக்க நினைத்தார்களோ அதுவே நீலக்கருமையாகத் திரும்பி வந்து நிலைத்துவிடும். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் இருக்கிறது. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுப்பொருள்களை 2020-க்குள் நிறுத்தச் சொன்னது. 2023-இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் நீக்க நாடுகள் முடிவு செய்தன. 2020-இல் பெரிய நிறுவனங்கள் சில 'வெளுப்பு', 'சிவப்பழகு' போன்ற சொற்களைக் கைவிட்டன. ஒன்று தன் கிரீமின் பெயரையே மாற்றியது. இப்போது 'ஒளிர்வு' என்கிறார்கள். சொல்லை விட்டுவிட்டு, முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் அந்தப் பெண்ணின் கழுத்தையும் காதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். பூசாத இடமும் வெளுத்திருந்தால் வெளுக்க வைத்தது கிரீம் அல்ல, கணினி.

கேள்வி: எனக்கு வெண்புள்ளி இருக்கிறது. மருந்து விளம்பரங்களில் வருபவர்களுக்குத் திட்டே தெரிவதில்லை. எனக்கோ தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும்.
— வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் கவனிப்பு சரியானது. நோய் ஒன்றேயானாலும், வெளிர்ந்த தோலில் மங்கலாகத் தெரியும் வெண்திட்டு, கறுப்பில் பளிச்சென்று தெரிகிறது. அதனால் வரும் மனச்சுமையும் வேறு. தோலின் நிறத்தை மீட்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூலையில் ருக்சோலிட்டினிப் கிரீமுக்கு ஒப்புதல் தந்தது. ஆய்வில், 24 வாரங்கள் பூசியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு முகத்தின் திட்டுகள் குறைந்தது 75 சதவீதம் சீரடைந்தன. மற்ற எழுவரை விளம்பரத்தில் பார்க்க முடியாது. நிறம் திரும்பும்போது மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தொடங்கும், சில வேளை சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருமையாகவும் வரும், விரல்நுனிகளில் மிகத் தாமதிக்கும். இந்த இடைக்காலப் படங்களைக் கருஞ்சருமத்தில் காட்டினால்தான், மூன்றாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தும் பிழை குறையும்.

கேள்வி: வெளிர்நிறமாகப் பிறந்தது என் குற்றமா? இனி எங்களை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா?
— வாசகர் ஒருவர்

பதில்: இல்லை. வெயிலால் வரும் தோல் புற்றுகள் உங்களைத்தான் அதிகம் தாக்குகின்றன. அந்த எச்சரிக்கைகளில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: லேசர் சிகிச்சையில் என் கன்னத்துத் தழும்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. 'உங்கள் நிறத்தில் எங்களிடம் படங்களே இல்லை' என்று சொல்லி, என் படங்களை விளம்பரத்துக்குக் கேட்கிறார்கள். அடுத்த சிகிச்சையில் தள்ளுபடியும் தருவார்களாம். கொடுக்கட்டுமா?
— வாசகி ஒருவர்

பதில்: மனம் இருந்தால் கொடுங்கள், உங்களைப் போன்ற எத்தனையோ பேருக்கு அந்தப் படம் வழிகாட்டும். ஆனால் உங்கள் நிறத்தவர் எல்லோருக்குமாகச் சேர்த்து நீங்கள் முகம் கொடுக்க வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை. 'எங்களிடம் படங்களே இல்லை' என்று அவர்கள் சொன்னதை நீங்கள் வேறொரு கோணத்திலும் கேட்டிருக்க வேண்டும்: உங்களுக்குச் செய்யும் முன் எத்தனை பேருக்குச் செய்து பழகியிருந்தார்கள்?

சம்மதம் என்பது சிகிச்சைக்குத் தரும் கையெழுத்திலிருந்து தனியாக, எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். எந்த இடங்களில், எத்தனை காலம் வெளியிடுவார்கள், கண்கள் தெரியுமா, கன்னம் மட்டுமா, பின்னர் நீங்கள் மனம் மாறினால் எப்படி நீக்குவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இணையத்தில் ஒருமுறை பரவிய படத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தள்ளுபடி வாங்கிக்கொண்டால், படத்தின் கீழே அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும். உங்கள் பங்குக்கும் ஒரு நிபந்தனை வையுங்கள்: இரண்டு படங்களும் ஒரே விளக்கில், ஒரே கோணத்தில், ஒப்பனையின்றி எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும், நிறத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, எத்தனை அமர்வுகள், எந்த லேசர், இடையில் கன்னம் சில வாரங்கள் கறுத்திருந்தால் அதுவும் கீழே எழுதப்பட வேண்டும். இறுதிப் படத்தை அச்சுக்குப் போகும் முன் உங்களிடம் காட்டச் சொல்லி, வீட்டுக் கண்ணாடியின் முன் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.